அப்பாவுக்காக ஒத்திவைத்த சபை

அப்பா சட்டமன்றத்துக்குப் போவதற்கு முன் பள்ளி வேன் ஓட்டினார். ஒரு மாலை வேனில் ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள். காலையிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். அவள் படித்த அரசுப் பள்ளியின் கழிவறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. அவருடைய அரசியல் அன்று தொடங்கியது.

உறுப்பினரான பிறகும் எந்தப் பள்ளிக்குப் போனாலும் மேடைப் பக்கம் முதலில் எட்டிப் பார்க்க மாட்டார். நேராகக் கழிவறைக்கு.

"தாழ்ப்பாள் வந்துட்டாரு, கதவெல்லாம் பாருங்கப்பா" என்று தலைமையாசிரியர்கள் ஆள் அனுப்புவார்கள். சபையிலும் அதே பட்டப்பெயர்தான். அவர் கோபப்பட்டதில்லை. "துருப்பிடிச்ச தாழ்ப்பாள்னு சொல்லாம விட்டாங்களே" என்பார்.

அலையாய் அலைந்து ஒரு மசோதா கொண்டுவந்தார். எல்லா அரசுப் பள்ளிக் கழிவறைக்கும் உள்தாழ்ப்பாள். பின்னணி பற்றிக் காவல்துறை விசாரித்து முடிக்காமல் பள்ளியில் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. தண்ணீர் மோட்டாருக்கு, ஷாக் அடிக்காமல் காக்கும் மின்கசிவுத் தடுப்பான் கட்டாயம் என்ற பிரிவு மட்டும் அவர் மகள் எழுதியது, அவள் மின்பொறியாளர். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரு தரப்பும் சம்மதித்திருந்தன. கூட்டத்தொடரின் கடைசி நாளில் வாக்கெடுப்பு. அதன் பின் தேர்தல். சபை கலைந்தால் மசோதாவும் செத்துப்போகும்.

அந்த வாரமே மாரடைப்பில் அப்பா போனார்.

மசோதாவில் இரண்டாவது கையெழுத்து பக்கத்து இருக்கைக்காரருடையது. பழைய பள்ளி ஆசிரியர் என்பதால் எல்லோருக்கும் வாத்தியார். அப்பாவுக்குப் பதில் அவர் முன்மொழிந்தால் போதும். அதைப் பார்க்கத்தான் அடக்கம் முடிந்த மறுநாளே, கூட்டத்தொடரின் அந்தக் கடைசி நாளில், மகள் பார்வையாளர் மாடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இரங்கல் தீர்மானம் வாசித்தார்கள். எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் வாத்தியார் நின்றார்.

"தலைவர் அவர்களே, அந்த மனுஷனுக்கு இது பத்தாது. இன்னிக்கு முழுக்கச் சபையை ஒத்திவைக்கணும்."

குரல் உடைந்திருந்தது. யாரும் மறுக்கவில்லை. எப்படி மறுப்பார்கள்? மகள் எழுந்துவிட்டாள். பேச வாயெடுத்தாள்.

"உக்காருங்கம்மா, இங்க பேசக் கூடாது" என்றார் காவலர்.

பேரவைத் தலைவர் சபையை ஒத்திவைத்துவிட்டு எழுந்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. உடைத்தது அன்பு.

நடைகூடத்தில் வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பாத்தியா பாப்பா, அமைச்சருங்களுக்குத்தான் முழு நாள் குடுப்பாங்க. உங்கப்பனுக்கு வாங்கிட்டேன்."

"மாமா, மசோதா?"

"அதான் சாயங்காலம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். திரும்பி ஓடினார். உள்ளே விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். தலைவரின் அறை வாசலில் செயலாளர் தணிந்த குரலில் சொன்னார்: "இனி சபையைக் கூட்ட முடியாதுங்க. நீங்க கேட்டதுதானேங்க."

பின்னாலேயே ஓடி வந்த மகளின் கைப்பேசி அதிர்ந்தது. வீட்டிலிருந்து அம்மா.

"என்னடி, பாஸாயிடுச்சா?"

அவள் வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் கை நீட்டிக் கைப்பேசியை வாங்கினார்.

"தங்கச்சி, நான்தான்மா. மசோதா வரல. சபையை ஒத்திவைக்கச் சொன்னது நான்தான்."

"தங்கச்சி, லைன்ல இருக்கியாம்மா?" அவர் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து மகளிடம் காட்டினார். இணைப்பு அறுபடவில்லை. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.