பெரிய வியாழனும் என் இடது காலும்

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வரும்போது பங்குச் சுவாமி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்குப் பீடத்தின் முன்னால் உட்காரும் பன்னிரண்டு பேரில் என்னையும் சேர்த்திருப்பதாகச் சொன்னார்.

“வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு நேரத்தோட வாங்க” என்றார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு அது பெரிய விசயம்.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கொழும்பில் எங்கள் கோயில் இருக்கும் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவருக்குத் தோன்றலாம். நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய சைவக் குடும்பம் எங்களுடையது. என் மனைவியை ஹெவ்லொக் டவுனில் ஒரு கணினி வகுப்பில் சந்தித்தேன். கலியாணத்துக்கு முன் ஞானஸ்நானம் பெற்றேன். எங்கள் வீட்டில் கொஞ்சக் காலம் ஒருவரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு அம்மா இளகினார், அம்மாவைப் பார்த்து மற்றவர்களும் இளகினார்கள். இளகாமல் இருந்தவர் என் மாமனார்தான்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக அதே கோயில், உட்கார அதே வாங்கு. “கலியாணத்துக்காக முழுகின முழுக்கு” என்று என் ஞானஸ்நானத்தைப் பற்றி அவர் யாரிடமோ சொன்னது சுற்றிச் சுற்றி என் காதுக்கு வந்தது. என் முகத்துக்கு நேரே அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. நல்ல வார்த்தையும் சொன்னதில்லை. மாமி காலமான பிறகு அவரைத் தனியே விட மனமில்லாமல் நாங்கள் அந்த வீட்டுக்கு வந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கீழே முன் அறையில் அவர், செங்குத்தான மரப்படி ஏறினால் மேலே நாங்கள். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மகளிடம் சொல்லுவார். “அவர்ட்ட சொல்லு, தண்ணி மோட்டர நிப்பாட்டச் சொல்லி.” நான் பக்கத்திலேதான் நின்றுகொண்டிருப்பேன்.

சுவாமி என்னைத் தெரிவு செய்ததை மனைவி அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். மாமா பருப்பைப் பிசைந்தபடி, “இந்த முறை ஆள் கிடைக்கல்ல போல” என்றார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும், பெரிய வியாழனன்று அவர் தன் வழமையான வாங்கில் இருந்து பார்க்கத்தானே போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்காக ஒரு வெள்ளைச் சேட்டும் வாங்கினேன்.

பெரிய வியாழனுக்கு முன்வரும் குருத்து ஞாயிற்றுக்கு முந்திய கிழமை நான் விழுந்தேன்.

என் வேலை, துறைமுகத்துக்கு வரும் சாமான்களைச் சுங்கத்தில் விடுவித்து லொறியில் ஏற்றிவிடுவது. அன்று மத்தியானம் ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் முற்றத்தில் நல்ல மழை. முத்திரை இலக்கத்தைப் பார்க்க லொறியின் பின்படியில் ஏறியவன் வழுக்கிக் கீழே வந்தேன். வலது கால் எனக்குக் கீழே மடிந்தது. விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. லொறிச் சாரதி, “அய்யே, நெகிட்டின்ன எப்பா!” என்று, எழும்ப வேண்டாம் எனச் சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடி வந்தார். எழும்ப முடிந்தால்தானே.

முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டர் போட்டார்கள். சித்திரை கழியும் வரை அந்தக் காலை நிலத்தில் ஊன்றவே கூடாது என்றார் வைத்தியர். ஓட்டோவில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் என் வலியை நினைத்தாள். நான் பெரிய வியாழனை நினைத்தேன். ‘ஆண்டவரே, ஒரு இரண்டு கிழமை பொறுத்திருக்கக் கூடாதா?’ என்று மனதுக்குள் கேட்டேன். அது செபம் இல்லை, கோபம்.

சுவாமி வீட்டுக்கு வந்து செபித்தார். சந்தியில் பேக்கரி வைத்திருப்பவர் என் இடத்தில் இருப்பார் என்று மெதுவாகச் சொன்னார். மாமா அவருக்குத் தேநீர் கொடுத்தார்.

மேல்மாடிக்கு ஏற வழியில்லை. அதனால் முன் அறையில், மாமாவின் கட்டிலுக்கு எதிரே எனக்கொரு மடக்குக் கட்டில் போட்டார்கள். மனைவி காலையில் வேலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவாள். பகல் முழுக்க அந்தச் சின்ன அறையில் நாங்கள் இருவர். அவர் பேப்பர் பார்ப்பார். நான் ஃபோனைப் பார்ப்பேன். பத்து மணியளவில் எழும்பிப் போய்ப் பால் இல்லாத பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து, என் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவார். நான் “தாங்ஸ் மாமா” என்பேன். அவர் ‘ம்’ என்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

ஒரு நாள் அவர் கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும்போது நான் தனியாகக் குளியலறைக்குப் போகப் பார்த்தேன். அவரைக் கூப்பிடக் கூச்சம். வாசற்படியில் ஊன்றுகோல் சறுக்கியது. பின்னாலிருந்து இரண்டு கைகள் என் கக்கத்தைப் பிடித்து அப்படியே தூக்கி நிறுத்தின. எழுபது தாண்டிய மனிதருக்கு அத்தனை பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

“கூப்பிட ஏலாதா உங்களுக்கு? வாய்ல என்ன கொழுக்கட்டையா?” என்று அதட்டினார்.

“உங்களக் கரைச்சல்படுத்தக் கூடாதெண்டுதான் மாமா...”

“மத்தக் காலையும் ஒடச்சா அதவிடக் கரைச்சல் எனக்குத்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. கலியாணமாகி இத்தனை வருடத்தில் அவர் நேரே என்னைப் பார்த்து இவ்வளவு நீளமாகக் கதைத்தது அன்றுதான். அதுவும் திட்டித்தான்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்கத் தொடங்கினோம். முதலில் கப்பல்களைப் பற்றி. அவருடைய காலத்துத் துறைமுகத்துக்கும் நான் காணும் துறைமுகத்துக்கும் உள்ள வித்தியாசம் பற்றி. பிறகு எங்கள் வீட்டில் அம்மா வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பதைப் பற்றிக் கேட்டார். எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நேரே ஒரு கேள்வி கேட்டார்.

“என்ட மகள் சைவப் பிள்ளையா இருந்திருந்தா நீங்க எங்கட வேதத்துக்கு வந்திருப்பீங்களா?”

பல வருடமாக எனக்குள்ளே ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் அந்த நேரம் பொய்யாகத் தெரிந்தன.

“வந்திருக்க மாட்டன் மாமா” என்றேன். “அவவாலதான் வந்தனான். ஆனா அவவுக்காகத்தான் இருக்கிறன் எண்டு சொல்ல ஏலாது.”

“அது எப்பிடி?”

சொன்னேன். எங்களுக்கு ஒரு குழந்தை தரித்து, ஆறாம் மாதம் வயிற்றிலேயே போனது. மனைவி ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் நடந்து நடந்து கோயிலுக்குள் போய்விட்டேன். நல்ல வெயில் நேரம். உள்ளே ஒருவரும் இல்லை.

“ஒரு செபமும் வாயில வரேல்ல மாமா. ஆனா எழும்பிப் போகவும் மனம் வரேல்ல. ஆரோ பக்கத்தில இருக்கிற மாதிரி. அண்டைக்கு அவ என்னோட இல்ல. அவவுக்காக மட்டும் வந்தவன் எண்டா, அண்டையோட விட்டிருப்பன்.”

அவர் மடித்து வைத்த பேப்பரை எடுத்து மறுபடி நாலாக மடித்தார். வெளியே மீன்காரர் கூவிக்கொண்டு போனார். பிறகு, “அந்தப் புள்ளைக்கு நான் ஒரு பேர் நினைச்சு வெச்சிருந்தேன்” என்றார். “ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல.”

என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

பெரிய வியாழன் வந்தது. பின்னேரம் மனைவி கோயிலுக்கு உடுத்துக்கொண்டு நின்றாள். மாமா வீட்டில் கட்டும் சாரத்தோடேயே இருந்தார்.

“அப்பா, வரல்லையா?”

“நீ போ. இவரத் தனிய விட ஏலாது.”

நான் பதறிப்போனேன். பெரிய வியாழன் பூசையை அவர் தவறவிட்டதாக ஒருவருக்கும் நினைவில்லை. “நான் சமாளிப்பன் மாமா, நீங்க போங்கோ” என்றேன். “நீங்க சமாளிச்ச லட்சணத்தப் பாத்தேன்தானே” என்றார். மனைவி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தலைத்துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோயில் பக்கந்தான். ஒலிபெருக்கியில் பாட்டு கேட்டது. நான் சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். பேக்கரிக்காரர் இப்போது காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றியிருப்பார் என்று நினைத்தேன். பொறாமைதான்.

மாமா ஒரு பேசினில் சுடுதண்ணீர் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தார். தோளில் துவாய், கையில் ஒரு துண்டுச் சவர்க்காரம்.

“அந்தக் காலக் கொண்டாங்க. மூணு நாளா பாக்குறேன், நொண்டி நொண்டி உள்ளங்கால் கரியாப் போய்க் கிடக்கு. படுக்கைவிரிப்பெல்லாம் ஊத்த.”

“ஐயோ மாமா, வேண்டாம். அவ வந்து செய்வா.”

“அவ காலைல இருந்து நிண்டு வேல செஞ்சவ. கொண்டாங்க.”

சின்ன முக்காலியில் சிரமப்பட்டு உட்கார்ந்து என் இடது காலைத் தண்ணீருக்குள் எடுத்து வைத்தார். குதிக்காலைத் தேய்த்தார். விரலிடுக்கெல்லாம் சவர்க்காரம் போட்டார். கிரேன் பிடித்த கை, சொரசொரவென்று இருந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் குனிந்த தலையைப் பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்தேன். வெளியே பாட்டு நின்று, சுவாமியின் குரல் கேட்டது.

“மத்தக் கால கழுவ ஏலாதே மாமா” என்றேன், ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக.

அவர் தலை நிமிராமலே சொன்னார்: “கோயில்லயும் ஒரு காலத்தான் கழுவுறது.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது, தான் என்ன செய்கிறார் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது என்பது. கண்ணீர் வந்ததை மறைக்க நான் முயலவில்லை. அவர் துவாயால் காலைத் துடைத்து, தண்ணீரை முற்றத்தில் ஊற்றிவிட்டு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி சோறு போட்டார். அன்று பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும்.

இதற்காகத்தான் ஆண்டவர் என் காலை முறித்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மழையில் நனைந்த படி வழுக்கியது, அவ்வளவுதான். பிள்ளையை இழந்தபோதும் அப்படியொரு காரணம் சொல்ல வந்தவர்களை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனால் விழுந்து கிடந்த இடத்துக்கு ஆண்டவர் வந்தார் என்று சொல்லுவேன். அதுவும் நான் எதிர்பார்த்த பீடத்துக்கு முன்னால் இல்லை, மடக்குக் கட்டிலடியில், ஒரு பழைய பேசினோடு. கால் முறியாமல் நான் அன்று கோயிலில் இருந்திருந்தால், சுவாமி என் பாதத்தைக் கழுவியிருப்பார். மாமா வாங்கிலிருந்து பார்த்திருப்பார். வீட்டுக்கு வந்து நாங்கள் பழையபடி பேசாமலே சாப்பிட்டிருப்போம்.

வைகாசியில் பிளாஸ்டரை வெட்டினார்கள். கால் மெலிந்து, யாருடையதோ போல இருந்தது. நடை சீராக வரக் கொஞ்சக் காலம் எடுத்தது. மழைக்குளிரில் இப்போதும் குடையும்.

ஓரளவு நடக்கத் தொடங்கிய ஒரு ஞாயிறு, வத்தளையில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போக மாமா என்னையும் கூப்பிட்டார். மனைவியும் நானும் அவரைக் கூட்டிப் போவதுதான் வழக்கம். அன்று நாங்கள் இருவர் மட்டும். நீர்கொழும்பு பஸ்ஸில் ஒரே நெரிசல். எனக்கு இடம் கேட்டு ஒரு இளைஞனை எழுப்பிவிட்டு, தான் கம்பியைப் பிடித்தபடி களனிப் பாலம் தாண்டும்வரை நின்றே வந்தார். வத்தளை வீட்டில் புதிதாகக் குடிவந்த அயலவர் ஒருவர் வந்திருந்தார். என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டார். இவ்வளவு காலமும் மாமா ‘மகள்ட புருசன்’ என்றுதான் சொல்லுவார்.

“என்ட மருமகன்” என்றார். “கால் ஏலாத ஆள், கொஞ்சம் அந்தக் கதிரைய இங்கால போடுங்க.”

நான் கதிரையில் உட்கார்ந்தேன். உள்ளே இறால் கறி கொதிக்கும் வாசனை வந்தது. அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தம்பியோடு பழைய துறைமுகக் கதையை ஆரம்பித்தார்.