இன்னும் சத்தம் வரல மிஸ்

பிசிக்ஸ் டீச்சர் வேலையில் பாடம் நடத்துவது சுலபம். பரிசோதனைக்குத் திட்டம் போடுவதுதான் ஆளைக் கொல்லும். ப்ளஸ் டூ வந்த புதிதில் ஆரணியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பட்ட பாடு, லேபில் வெந்தவர்களுக்குப் புரியும்.

பஸ் ஹாரன்

ஹாரன் அடித்தபடி வண்டி நம்மைத் தாண்டும்போது அதன் சுருதி சட்டென்று இறங்கி ஒலிக்கும். அதைப் பிள்ளைகள் காதாலேயே கேட்கட்டும் என்று, போளூர் பஸ் டிரைவரிடம் முதல் நாளே சொல்லிவைத்தேன். வேகம் குறையக்கூடாது, ஹாரனும் நிற்கக்கூடாது. மறுநாள் பன்னிரண்டு பெண்களோடு சாலையோரம் நின்றேன். தூரத்தில் ஹாரன் அலறியது. பஸ் வந்தது, எங்கள் எதிரிலேயே பிரேக் போட்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"டீச்சரம்மா வெயில்ல நின்னுகினு இருக்க சொல்ல எப்படிம்மா தாண்டிப் போறது? ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க."

வற்றிய ஏரி

அடுத்தது ஒலியின் வேகம். ஊருக்குள் எந்தத் தெருவிலும் தறிச் சத்தம் என்பதால், தண்ணீர் வற்றிய ஏரிக்குள் போனோம். முந்நூற்று நாற்பது மீட்டர் அளந்து, அந்தக் கோடியில் வசந்தி என்ற பெண்ணைப் பித்தளைத் தட்டோடு நிறுத்தினேன். அவள் அடிப்பதைப் பார்த்ததும் இந்தக் கோடியில் இருப்பவள் ஸ்டாப் வாட்சை அழுத்த வேண்டும். சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும். எல்லோருக்கும் ஒரு நொடிக்குப் பக்கத்தில் வந்தது.

வகுப்பில் முதல் மார்க் வாங்கும் சகுந்தலாவின் முறை. வாட்சை அழுத்தினாள். தட்டுச் சத்தம் வந்து போயிற்று. முள் ஓடிக்கொண்டே இருந்தது. பெண்கள் சிரித்தார்கள். "தூங்கறியா?" என்று நானும் அதட்டினேன். அவள் திரும்பவே இல்லை. தோளைத் தொட்ட பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் சத்தம் வரல மிஸ்."

சகுந்தலா வீடு

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். காது மந்தம் என்று வெளியே தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில், முதல் பெஞ்சில் உட்கார்ந்து என் உதட்டைப் பார்த்தே படித்திருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் அப்பா தறியை நிறுத்தினார்.

"இந்த வீட்ல எல்லாரும் கத்திகினுதாங்க பேசுவோம். அதுக்குக் காது கேக்கலன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

ஜூன் மாதம்

படிப்பை அவர் நிறுத்தவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை. கோடை விடுமுறையில் ஒரு காதுக்கு ஆபரேஷன் நடந்தது. பள்ளி திறந்த அன்று நான் பாடத்தை ஆரம்பித்ததும் சகுந்தலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னவென்று கேட்டேன்.

"மிஸ், உங்க குரல் இவ்ளோ கீச்சுன்னு இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல மிஸ்."

வேலூர் டாக்டருக்கு ஒரு நன்றிக் கடிதம் போயிற்று, எனக்குக் கிடைத்ததோ ஓய்வு பெறும்வரை ஒட்டிக்கொண்ட 'கீச்சு மிஸ்' என்ற பட்டப்பெயர்.