மாப்பிள்ளை வீட்டு மரங்கள்

என் சந்தேகப் புத்தியைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் புகார் உண்டு. பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். செடி விஷயத்தில் இன்னும் மோசம். நர்சரியில் யாராவது "சும்மா வைங்க மேடம், நல்லா வரும்" என்று சொன்னால் அந்தச் செடிப் பக்கமே போக மாட்டேன். பெயர் என்ன, எவ்வளவு உயரம் போகும், வேர் எங்கே ஓடும் என்று குடைந்து கேட்டு, வீட்டுக்கு வந்து செல்போனிலும் பார்த்த பிறகுதான் குழி தோண்டுவேன்.

பெண்ணுக்கு வரன் கூடி வந்து, மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்றும் அந்தப் புத்தி கூடவே வந்தது. நாங்கள் சேலையூர். அவர்கள் வீடு படப்பைக்கு முன்னால், புதிதாக முளைத்த ஒரு நகரில். காரிலேயே என் கணவர் எச்சரித்தார்.

"அங்க போய் போலீஸ் மாதிரி விசாரிக்காத. பொண்ணோட வீசிங் பத்தியும் இப்ப வாயத் திறக்காத. நிச்சயம் முடியட்டும், பக்குவமா சொல்லிக்கலாம்."

எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. சின்ன வயதிலிருந்தே இன்ஹேலர் இல்லாமல் அவள் வெளியே போனதில்லை. மறைத்துக் கட்டிக்கொடுத்தால் நாளைக்கு அவஸ்தைப்படப் போவது அவள்தான். இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீடு பளிச்சென்று இருந்தது. குழாயைத் திறந்து பார்த்தேன், பாத்ரூமில் தண்ணீர் தேங்குகிறதா என்றும் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, அதுவே எனக்கு உறுத்தியது. கடைசியில் மாடி அறைக்குக் கூட்டிப்போனார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு அந்த அறைதான் என்றார்கள். ஜன்னலைத் திறந்தால், கைக்கெட்டும் தூரத்தில், காம்பவுண்டு நெடுகக் கரும்பச்சை மரங்கள். கத்திரி வெயிலில் தெருவே வாடிக் கிடக்க, இவற்றில் மட்டும் ஒரு பழுத்த இலை இல்லை. ஒரு காக்கைகூட உட்கார்ந்திருக்கவில்லை.

"இது என்ன மரம்?" என்று மாப்பிள்ளையின் அப்பாவைக் கேட்டேன்.

"பேரெல்லாம் தெரியாதுங்க. வண்டில கொண்டுவந்து வித்தான். தண்ணி அதிகம் வேணாம், ஆடு மாடு வாய் வைக்காது, சீக்கிரம் மறைப்பாயிடும்னான். வீடு கட்டின கையோட வாங்கி நட்டேன்," என்றார் பெருமையாக.

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல என் சந்தேகம் கூடியது. ஆடே ஒதுக்குகிற இலையை இவர் எப்படி நம்பினார்? எட்டி ஒரு கொத்தைப் பறித்துப் பார்த்தேன். கோனோகார்பஸ். வேர் குழாய்களுக்குள் புகுந்துவிடும், பூக்கும் காலத்தில் மகரந்தம் சிலருக்கு மூச்சைப் பிடிக்கும், இனி நட வேண்டாமென்று அரசாங்கமே சொல்லிவிட்டது என்றெல்லாம் பேப்பரில் படித்திருந்தேன்.

"எப்ப பூக்கும்? பூக்கறப்போ வீட்ல யாருக்காவது இருமல் வருதா? தண்ணி சம்ப் எவ்ளோ தூரத்துல இருக்கு?"

என் கணவர் செருமினார். நான் நிறுத்தவில்லை. காலை மிதித்தார்.

கூடவே மாடிக்கு வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "மரத்தப் பத்தி இவ்ளோ கேக்கறீங்களே. பொண்ணுக்கு மூச்சுத் தொந்தரவு ஏதாவது இருக்கா?"

இப்போது சந்தேகப்படுவது அவர் முறை. நல்ல பையன், என் பெண்ணுக்கும் பிடித்திருந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"இருக்கும்மா. வீசிங். சின்ன வயசுலேர்ந்து," என்றேன்.

அந்த அம்மா சட்டென்று கீழே இறங்கிப் போனார். தாம்பூலத் தட்டை எடுத்துவந்து எங்களை வழியனுப்பத்தான் போகிறார் என்று நினைத்தேன். கணவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த அம்மா திரும்பி வந்தபோது கையில் இருந்தது இன்ஹேலர்.

"எனக்கு இந்த வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஆரம்பிச்சுது. ரோடு போடற தூசின்னு இவர் சொன்னார். நானும் அப்படித்தான் நெனச்சேன்."

பேப்பரில் படித்ததையெல்லாம் சொன்னேன். மரம்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அதையும் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா ஜன்னலையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வளர்ந்த மரமாச்சே. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"அந்தப் பொண்ணு இங்க வரதுக்குள்ள வேரோட எடுத்துடுங்க," என்றார் அந்த அம்மா. "நடறப்போ யாரையும் கேக்கல. இப்ப மட்டும் யாரக் கேக்கணும்?"