எல்லோரும் நின்றபோது அப்பா

மலேசியாவின் வடக்கில் இருக்கும் எங்கள் பாடாங் செராயிலிருந்து சயாம் ஒன்றும் தூரமில்லை. நெடுஞ்சாலையில் ஏறி அலோர் ஸ்டாரைத் தாண்டி, புக்கிட் காயு ஹித்தாம் எல்லையில் கடப்பிதழை நீட்டினால் அந்தப் பக்கம் சயாம்தான். தாய்லாந்து என்று பள்ளிக்கூடத்தில் எழுதுவோம், வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் போர்வை வாங்கப் போவார்கள், முந்திரிப்பருப்பு வாங்கப் போவார்கள், வாங்க ஒன்றும் இல்லையென்றால் சும்மா பார்த்துவிட்டு வரப் போவார்கள். நாங்கள் மட்டும் போனதில்லை. அதற்குக் காரணம் அப்பா.

அப்பா பயந்தவர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். ஒழுங்கானவர் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். சீருடை போட்ட யாரைக் கண்டாலும் அவர் உடம்பு ஒரு சுற்றுக் குறைந்துவிடும். சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் ‘போ, போ’ என்று கைகாட்டினாலும் அப்பா நிறுத்துவார், கண்ணாடியை இறக்குவார், லைசென்ஸை நீட்டுவார். அவர்களும் வேறு வழியில்லாமல் வாங்கிப் பார்த்துவிட்டுத் தருவார்கள். தோட்டத்து வாசல் காவலாளி அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவருக்கும் ஒரு சலாம் வைத்த பிறகுதான் லோரி உள்ளே போகும். இப்படிப்பட்ட மனிதர், தெரியாத பாஷையும் தெரியாத சட்டமும் உள்ள ஊருக்குக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போவாரா?

போக வைத்தவர் சித்தப்பா. அவர் அடிக்கடி சயாமில் இருக்கும் ஹட்யாய்க்குப் போய்வருகிறவர். எதற்குப் போகிறார் என்று சித்தி கேட்பாள், நேரான பதில் ஒருநாளும் கிடைத்ததில்லை. எனக்கு எட்டு வயது நடந்த ஆண்டு, தீபாவளிக்கு முன்னால் வந்த ஒரு பள்ளி விடுமுறையில், இரவல் வேன் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். அம்மாவுக்குப் பூப்போட்ட கனமான போர்வை வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அவள் ஒரே வார்த்தையில் சம்மதித்து, புடவையும் மாற்றிவிட்டாள். “நான் இருக்கேன் லா அண்ணே, என்ன பயம்?” என்றார் சித்தப்பா. அப்பாவுக்கு அதுதான் பயம் என்று இப்போது தோன்றுகிறது.

வழியெல்லாம் சித்தப்பா சயாம் பாடம் நடத்தினார். யார் தலையையும் தொடக்கூடாது, தலை அவர்களுக்குச் சாமி மாதிரி. காலை நீட்டி எதையும் காட்டக்கூடாது. காசு உருண்டு ஓடினால் மிதித்து நிறுத்தக்கூடாது, அதில் அவர்களுடைய ராஜாவின் முகம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குரலை உயர்த்தவே கூடாது. அங்கே கத்துகிறவனுக்குத்தான் அவமானம், என்ன கோபம் வந்தாலும் சிரித்துக்கொண்டுதான் பேசவேண்டும். இதைக் கேட்ட அம்மா, “அப்ப நாம யாருமே வாயத் தொறக்க முடியாதே,” என்று கவலைப்பட்டாள். எங்கள் வீட்டில் உப்பை எடுத்துக் கொடு என்பதைக்கூட அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வோம்.

சயாமில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும் என்பதையும் சித்தப்பாதான் சொன்னார். எல்லையைத் தாண்டினால் நமக்கு ஒரு மணி நேரம் இலவசம் என்று அதை ஏதோ அவரே கொடுப்பதுபோல் சொன்னார். திரும்பும்போது அதைப் பிடுங்கிக்கொள்வார்களே என்று அம்மா கேட்டாள்.

அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, சித்தப்பா சொன்ன சட்டங்களை ஒப்பிக்கச் சொன்னார். எல்லைக்கு முந்தின ஊரான சாங்லூன் வருவதற்குள் வாய்ப்பாடு மாதிரி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. “இன்னொருத்தர் நாட்டுல கால் வைக்கிறோம் பாப்பா. அவங்க எப்படியோ நாமளும் அப்படி,” என்றார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று பேர் வாங்கியிருந்த காலம் அது.

ஹட்யாய் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வேனை நிறுத்திவிட்டுக் கடைவீதிக்குள் நுழைந்தோம். கடைக்காரப் பெண்கள் இரண்டு கையையும் கூப்பித் தலை குனிந்தார்கள். நம் வணக்கமேதான். அம்மா பூரித்துப் போய்ப் பதிலுக்குக் கும்பிட்டாள். அவள் கும்பிட்டதால் அவர்கள் மறுபடி கும்பிட்டார்கள், அதனால் அம்மாவும் மறுபடி கும்பிட்டாள். ஒரு கடையைத் தாண்ட வெகுநேரம் பிடித்தது. பேரம் பேச யாருக்கும் பாஷை தேவைப்படவில்லை. கால்குலேட்டரில் அவர்கள் ஒரு விலையைத் தட்டிக் காட்டினார்கள், அம்மா அதை வாங்கிப் பாதியைத் தட்டிக் காட்டினாள், இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, யார் தலையிலும் முழங்கை படாதபடி ஒடுங்கி நடந்தார்.

சாயங்காலம் ஆகிவிட்டது. மற்றவர்கள் நுழைந்த போர்வைக் கடைக்கு வெளியே, ஒற்றைத் தூணின்மேல் பொம்மை வீடு மாதிரி ஒரு குட்டி வீடு நின்றிருந்தது. வளைந்த கூரை, தங்க நிறப் பூச்சு, முன்னால் சாமிக்குப் போடுவதுபோல் சாமந்தி மாலை. வாசலில் சிவப்பு நிறச் சோடாப் புட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் மூடி திறந்து, உறிஞ்சுகுழல் போட்டுத் தயாராக இருந்தது. ஆனால் குடிப்பதற்கு யாரும் இல்லை.

எனக்கு இது முழுக்கப் புதிதும் இல்லை. எங்கள் தோட்டத்து முனீஸ்வரருக்குச் சுருட்டுப் பற்றவைத்துத்தான் வைப்பார்கள், அது தானாகப் புகைந்து குறைவதை நானே பார்த்திருக்கிறேன். அப்படியானால் இந்தச் சாமியும் வந்து குடிக்கத்தான் செய்யும். உறிஞ்சுகுழல்வரைக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறார்களே. குடிக்கும்போது சோடா எப்படிக் குறைகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று நின்றுவிட்டேன். எனக்கும் தாகம்தான், ஆனால் தொடவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோடா குறையவில்லை. அலுத்துப்போய்த் திரும்பியபோது கடைக்குள் அம்மா இல்லை. சித்தப்பா இல்லை. அப்பாவும் இல்லை.

நான் அம்மாவோடு இருப்பதாக அப்பா நினைத்திருக்கிறார், அப்பாவோடு இருப்பதாக அம்மா நினைத்திருக்கிறாள். இது பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், எந்தப் பக்கம் பார்த்தாலும் தெரியாத இடுப்புகளும் தெரியாத பைகளும்தான். வந்த வழி என்று நினைத்து ஒரு சந்தில் ஓடினேன். அது இன்னொரு சந்தில் விட்டது. கடைசியில் ரயில் நிலையத்தின் முன்னால் இருந்த திடலுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே கடைவீதியைவிடக் கூட்டம். வேன் நின்ற இடம் எந்தப் பக்கம் என்பதும் மறந்துவிட்டது.

அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். குரலை உயர்த்தக்கூடாது என்ற சட்டம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன். பூச்செடிகளைச் சுற்றிக் கட்டியிருந்த சிமெண்டுத் திட்டின்மேல் ஏறி நின்று, சத்தமே இல்லாமல் அழுதேன். இனிமேல் இந்த ஊரிலேயே இருக்க வேண்டியதுதான், இந்த பாஷையில் பேச வேண்டியதுதான், அம்மாவுக்கு என் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோகும் என்றெல்லாம் நினைத்தேன். அவ்வளவு பயம் நான் அதற்குப் பிறகு பட்டதில்லை. பிரசவ வலியின்போதுகூட இல்லை.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு ஆரம்பித்தது.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். நடந்தவர்கள் நடந்த இடத்தில் நின்றார்கள். மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். மோட்டார் சைக்கிளில் ஏறியிருந்தவன் இறங்கி நின்றான். திடலின் ஓரத்தில் ஒரு போலீஸ்காரர் கையை ஒட்டவைத்து விறைப்பாக நின்றார். நான் அழுததால்தான் எல்லோரும் நின்றுவிட்டார்களோ என்று ஒரு கணம் நடுங்கிப்போனேன். பிறகு அவர்கள் நின்ற விதம் புரிந்தது. எங்கள் தமிழ்ப்பள்ளியில் திங்கட்கிழமை காலைக்கூட்டத்தில் எங்கள் நாட்டுப்பண் நெகாராகூ பாடும்போது நிற்பது போலவே இருந்தது. இங்கே ஊர் மொத்தமும் பள்ளிக்கூடம் என்று நினைத்துக்கொண்டேன். அவங்க எப்படியோ நாமளும் அப்படி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, திட்டின்மேலேயே கையை ஒட்டவைத்து நேராக நின்றேன்.

அந்த அசையாத கூட்டத்தில் ஓர் ஆள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார்.

கடைவீதிப் பக்கமிருந்து வந்தார். நின்றவர்களை இடித்தார், விலக்கினார், ஒரு பெண்ணின் பையைத் தட்டிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினார். “பாப்பா, பாப்பா” என்று அவர் போட்ட சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது. கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தால் அவ்வளவு பேருக்கு நடுவில் அவரை நான் எப்படிக் கண்டிருப்பேன்? எல்லோரும் நின்றதால் அவர் ஒருவர்தான் கண்ணில் பட்டார். அது அப்பா.

நான் கூப்பிடவில்லை, பாட்டு நடந்துகொண்டிருக்கிறதே. ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினேன். அப்பா பார்த்துவிட்டார். ஓடி வந்து என் முன்னால் முட்டிபோட்டு, என் தலையைத் தடவினார், முகத்தைத் தடவினார், கை விரல்களைத் தடவினார், எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பவர்போல. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிறது. ஆனாலும் நான் அவர் காதில், “நேரா நில்லுங்கப்பா,” என்றேன். அவர் நிற்கவில்லை.

பாட்டு முடிந்தது. குழாயைத் திறந்துவிட்டதுபோல் கூட்டம் மறுபடி ஓட ஆரம்பித்தது. போலீஸ்காரர் நேராக எங்களை நோக்கி வந்தார். போச்சு, அப்பாவைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவரோ, பிள்ளை கிடைத்துவிட்டாளா என்று உடைந்த மலாயில் கேட்டார். அப்பா “யா, துவான்”, ஆமாம் ஐயா, என்று மட்டும் சொன்னார். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே அப்பாவின் காலைக் காட்டினார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அப்பா குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பவர்போல அதைப் பார்த்தார்.

இன்னொரு செருப்பு மாங்காய் வண்டிக்கடியில் இருந்தது. அந்தப் பெண் அதை யாரும் மிதிக்காதபடி ஓரமாக எடுத்து வைத்திருந்தாள். கூடவே எனக்கு ஒரு மாங்காய்த் துண்டில் மிளகாய்ச் சர்க்கரை தொட்டுக் கொடுத்தாள். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். இடுப்பில் போர்வை மூட்டை, அதை விடவில்லை. என் முதுகில் ஓர் அடி வைத்தாள், பிறகு மூட்டையோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சித்தப்பாவின் முகம் வெளுத்திருந்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்களுடைய நாட்டுப்பண் போடுவார்கள், எல்லோரும் நிற்பார்கள், அதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்றார். ஆறு மணிக்கு அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் அந்தப் பாட்டுக் கேட்காது என்று அம்மா அழுகைக்கு நடுவிலும் சொன்னாள்.

திரும்பும்போது எல்லையில் வண்டிகள் வரிசையாக நின்றன. அம்மா பின்னிருக்கையில் போர்வை மூட்டையில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் அப்பாவின் மடியில் இருந்தேன். எட்டு வயதுப் பிள்ளையை மடியில் வைத்திருக்கிறோமே என்று அவரும் வெட்கப்படவில்லை, நானும் வெட்கப்படவில்லை. ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து அத்தனை சட்டத்தையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கடைசியில் தலையைத் தொட்டார், கத்தினார், ஊரே நிற்கும்போது ஓடினார். ஏன் நிற்கவில்லை என்று கேட்டேவிட்டேன்.

“எப்ப பாப்பா?”

“பாட்டு போட்டாங்கல்ல, அப்ப.”

“என்ன பாட்டு?”

“எல்லாரும் நின்னாங்கப்பா. போலீஸ்கூட நின்னாரு.”

“நின்னாங்களா? நான் பாக்கலியேம்மா,” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு பெரிய திடலில், அவ்வளவு பேர் மரம் மாதிரி நின்றதை ஒருவர் பார்க்காமல் இருக்க முடியுமா? கண் இருக்கிற யாராவது இதைச் சொல்வார்களா? அதுவரை அப்பா என்னிடம் பொய் சொன்னதே கிடையாது. அம்மா எழுந்ததும் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். பாவம், தப்புச் செய்துவிட்டு அதை ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறார் என்று தோன்றியது. நானும் பெரிய மனசு பண்ணி, நம்பிவிட்டவள்போல் தலையை ஆட்டிவைத்தேன்.