ரோசியின் மூச்சு பட்ட தட்டு

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ரோசிக்கு நாக்குதான் கருவி. வாயாடி என்று சொல்லவில்லை, அதுவும் உண்மைதான் என்றாலும்! ஒருமுறை சுட்டு, கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு இல்லாமல் வரும் தட்டை நாக்கு நுனியில் வைப்பாள். ஒட்டிக்கொண்டால் உள்ளே நுண்ணிய துளைகள் சரியாக இருக்கின்றன, மை பிடிக்கும். வழுக்கினால் ஓரங்கட்டிவிடுவாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பத்தொன்பது வயதில் பஸ் ஏறி வந்து பொம்மைகளுக்குக் கண் எழுதியவள். தட்டில் அச்சடிக்கும் இங்க்ஜெட் மிஷின் வந்தபோது எல்லோரும் பயந்து ஒதுங்க, இவள் அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு தட்டைக்கூடக் கெடுத்ததில்லை என்று பீற்றிக்கொள்வாள்.

அந்தப் பீற்றலுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வேட்டு விழுந்தது. கம்மாபுரத்து ஆராய்ச்சி மாணவி சண்முகப்ரியா ஒரு குப்பியில் நீல மை கொண்டுவந்தாள். இரண்டு தட்டுக்குத்தான் வரும். சாயங்காலத்துக்குள் அச்சடிக்காவிட்டால் குப்பியிலேயே படிகமாகிவிடும். மறுநாள் கல்லூரியில் ஒரு தட்டாவது காட்டியாக வேண்டும், இல்லையென்றால் அவளுடைய இரண்டு வருட உழைப்பு வீண்.

"காய்ஞ்சா மெல்லிசு படலமா நிக்கும்க்கா. செம்பும் ஒரு அமிலமும் கோத்துக் கட்டுன கூடு, உள்ள பூரா ஓட்டை. காய்ஞ்ச தூளு ஒரு சிட்டிகைல இருக்குற சுவரையெல்லாம் விரிச்சா நாலு கபடி கிரவுண்டு ரொம்பிடும்."

"மாதாவே! சிட்டிகைக்குள்ள நாலு கிரவுண்டா?" ரோசிக்கு மயிர்க்கூச்செறிந்தது.

முதல் தட்டை அச்சடித்து முடித்ததும் ப்ரியா சாப்பிடப் போனாள். ரோசியின் கை சும்மா இருக்குமா? அச்சடித்ததைச் சுடாமல் விட்டு இந்தப் பேட்டைக்காரிக்குப் பழக்கமே இல்லை. சின்ன மின்சூளைக்குள் தட்டை வைத்து சுவிட்சைப் போட்டுவிட்டாள். ப்ரியா திரும்பியபோது இடுக்கியில் வெளியே வந்தது கரிக்கட்டையாய்க் கறுத்த ஒரு தட்டு.

"கூடு எரிஞ்சு போச்சேக்கா!" என்று ப்ரியா அழுதே விட்டாள்.

"நான்தாம்மா சுட்டேன். கைப்பழக்கம். இன்னொண்ணு இருக்குதுல்ல, அத நான் கெடுக்க மாட்டேன்."

படிகம் அடைத்துக்கொள்ளாதபடி மிஷினின் மை வாயை ஸ்பிரிட் துணியால் துடைத்தாள். பத்துத் தட்டை நாக்கில் வைத்து ஒன்றைப் பொறுக்கினாள். ஒரு பூச்சு அடித்து, காயவிட்டு, அதன்மேல் இன்னொன்று என்று ஐந்து பூச்சு. குப்பி காலி. சூளைப் பக்கமே திரும்பாமல், ப்ரியா கொண்டுவந்த சூட்டுத் தகட்டில் ஈரம் போகும்வரை மட்டும் வைத்தாள். படலம் கருநீலமானது.

"கூடு சரியா கட்டிக்கிச்சான்னு பாக்குற மிஷினு காலேஜுலதான்க்கா இருக்குது," என்றாள் ப்ரியா, நகத்தைக் கடித்தபடி.

ஓட்டை பார்க்க மிஷின் எதற்கு? ரோசி தட்டை இடுக்கியால் தூக்கினாள். கொஞ்சம் ஆறவிட்டாள். நாக்கை நீட்டினாள்.

"ஐயோ, வாய வைக்காதீங்கக்கா! செம்பு!"

நாக்கு அந்தரத்தில் நின்றது. ஆனால் மூச்சு போய்ப் பட்டுவிட்டது. பட்ட இடத்தில் கருநீலம் வெளுத்து, பளிச்சென்று வானத்து நீலம் பூத்தது.

"கூடு நிக்குதுக்கா!" ப்ரியா குதித்தாள். "மூச்சுல இருக்குற ஈரம் ஓட்டைக்குள்ள போயிருச்சு, அதான் கலரு மாறுது!"

ரோசி தட்டை உற்றுப் பார்த்தாள். "என் மூச்சு போயி அந்த நாலு கிரவுண்டுலயும் நிக்குதா?"

"நிக்குதுக்கா."

ஈரம் போகட்டும் என்று தட்டை மெல்லச் சூட்டுத் தகட்டின்மேல் வைத்தாள். அது மறுபடி கருநீலமாகும்வரை, வாயாடி ரோசி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.