சிப்பிலிருந்து எடுத்த பாட்டு

துணி துவைத்து முடித்ததும் அந்த வாஷிங் மெஷின் "கீ, கீ, கீக்கீ" என்று ஒரு குட்டிப் பாட்டுப் பாடும். அது இன்னும் என் காதில் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில், ஓசூரில் அம்மா சர்க்யூட் போர்டுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த கம்பெனி, இன்னும் விற்பனைக்கு வராத ஒரு மெஷினை "ட்ரையல்" பார்க்க எங்கள் வாடகை வீட்டில் கொண்டுவந்து வைத்தது. தெருவே வந்து வேடிக்கை பார்த்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன் மூளை விரல் நீளத்துக்கு ஒரு "சிப்பு". கம்பெனியின் கன்னடக்கார இன்ஜினீயர் ஒருவர் சனிக்கிழமைதோறும் வந்து அம்மா சொல்லும் குறைகளைக் கேட்டுப்போய், சிப்பில் எழுதியிருந்ததை அழித்து, புதிதாக எழுதி மாட்டுவார்.

ஒரு குறை மட்டும் தீரவேயில்லை. கரண்ட் போய் வந்தால் மெஷினுக்கு எல்லாம் மறந்துவிடும். அலசி முடித்த துணியையும் முதலிலிருந்து துவைக்கும். எங்கள் தெருவில் கரண்ட் போகாத நாள் ஏது? என் யூனிஃபார்ம் காலர் நைந்தே போயிற்று.

அடுத்த வாரம் சிப்பு வெளிநாட்டில் ஆயிரக்கணக்கில் தயாராகப் போகிறது, அப்புறம் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்றார் இன்ஜினீயர். அம்மா விடவில்லை.

"அது நெனப்பு வெச்சுக்க வேணாங்க சார், நான் வெச்சுக்கறேன். கரண்ட் வந்ததும் சும்மா நின்னு, லைட்டை மினுக்கி, எதுல இருந்து ஆரம்பிக்கணும்னு என்னைக் கேட்டாப் போதும்."

"நல்ல ஐடியாம்மா. ஆனா சிப்புல ஜாகா இல்லியே, ஃபுல் ஆயிடுச்சு."

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். "அப்ப அந்தப் பாட்டை எடுத்துருங்க."

நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. "பாட்டு துணி துவைக்குமாடி?" என்று சிரித்தாள். புதுச் சிப்பு வந்த அன்று இன்ஜினீயர் மெயின் ஸ்விட்சை அணைத்து, மறுபடி போட்டார். சிவப்பு லைட் மினுக்கியது. அம்மா "அலசு" பட்டனை அழுத்தினாள். மெஷின் கேட்டது! என் கோபம் போன இடம் தெரியவில்லை. பிறகு கடைகளில் அந்த லைட்டைப் பார்க்கும்போதெல்லாம், "எங்கம்மா வைக்கச் சொன்னது" என்று முன்பின் தெரியாதவர்களிடமும் பீற்றிக்கொள்வேன்.

இன்று அந்தக் கம்பெனியும் இல்லை, அந்த மெஷினும் இல்லை. போன மாதம் என் வீட்டில் கரண்ட் போய் வந்தது. அம்மா பழக்கதோஷத்தில் எழுந்துபோய் என் புது மெஷின் முன் விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். அது விட்ட இடத்திலிருந்து தானே அலசி, பிழிந்து, கடைசியில் நீளமாக ஒரு பாட்டும் பாடியது.

"உன் பாட்டு வந்துருச்சுடி," என்றாள். விரலை மடக்கிக்கொண்டு, "என்னைத்தான் ஒண்ணும் கேக்கல" என்றாள்.