என் காலுக்கு ஏற்ற கியர்

கிளட்ச் இல்லாத கார் என்றால் அப்போதெல்லாம் எங்கள் தெருவில் வேடிக்கை பார்க்க வருவார்கள். எனக்கு அது வேடிக்கை இல்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிப்போனது. கிளட்சை மிதிக்க முடியாது. தானாகக் கியர் மாறும் அந்தப் பழைய வெளிநாட்டுக் கார் வந்த பிறகுதான், போத்தனூர் வீட்டிலிருந்து காரமடைத் தோட்டத்துக்கு யாரையும் கெஞ்சாமல் போய்வந்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், ஸ்டியரிங்கைப் பிடித்தால் லாரிக்காரனையே ஹாரன் அடித்து ஒதுக்குவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அதன் கியர் பெட்டி போய்விட்டது. அதே மாதிரிப் பெட்டி கிடைக்கவில்லை. பெரிய கார் ஒன்றிலிருந்து கழற்றிய, இன்னும் வலுவான பெட்டியை என் வீட்டுக்காரர் தேடிப் பிடித்தார். பழகிய மெக்கானிக் ஒருவர், எங்கள் என்ஜினோடு அது சேர லேத்தில் ஒரு வளையம் கடைந்து பொருத்தினார்.

"இனி வாழைத்தாரு ஏத்திக்கிட்டும் பறக்கலாமுங்கக்கா" என்றார்.

பறக்கத்தான் செய்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி முன்னால் பாய்ந்தது. என்ஜின் கத்தித் தீர்த்த பிறகே அடுத்த கியர் விழுந்தது. விழும்போது முதுகில் ஒரு குத்து.

"சரியா இருக்குதுங்களா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"இருக்குதுங்க" என்றேன். வேலை செய்தவர் முகத்துக்கு நேரே எங்கள் பக்கத்தில் குறை சொல்ல மாட்டோம். கல்யாணச் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் நல்லா இருக்குதுங்க என்றுதான் இலையை மடிப்போம்.

அந்த வாரமே எங்கள் கேட் தூணில் இடித்தேன். முன்விளக்கு உடைந்தது. வீட்டுக்காரர் கோபப்படவில்லை.

"உனக்கெதுக்கம்மணி இந்தப் பாடு? வண்டிக்கு இப்பப் பலம் சாஸ்தி. ஒரு டிரைவரைப் போட்டுக்கலாம். நீ பின்னாடி சொகமா உக்காந்துக்கோ."

பின்னாடி. அந்தச் சொல்தான் சுட்டது. ஒரு டிரைவரை மறுநாளே வரச்சொல்லி ஆளும் அனுப்பிவிட்டார்.

காலையில் நானே வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பதறிப்போய் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார்.

"நல்லா இல்லீங்க" என்றேன் மெக்கானிக்கிடம்.

"பாலக்காடு ரோட்டுல நானே ஓட்டிப் பாத்துத்தானுங்க செட் பண்ணுனேன்."

"நீங்க மிதிக்கிற மிதி வேறங்க. ஓட்டப்போறது நானு. இந்தக் காலுக்கு செட் பண்ணுங்க."

"அன்னைக்குச் சரின்னீங்களே!"

"இன்னைக்குச் சொல்ல மாட்டனுங்க."

"எறங்கு அம்மணி, எல்லாரும் பாக்கறாங்க" என்றார் வீட்டுக்காரர்.

பார்க்கத்தான் பார்த்தார்கள். எனக்கு முகமெல்லாம் கொதித்தது. இருந்தாலும், "வேணும்னா நீங்க ஏறுங்க. நான் எறங்கறதா இல்லீங்க" என்றேன்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். ஆக்சிலேட்டரிலிருந்து கியர் பெட்டிக்கு ஒரு கேபிள் போகிறது. அதை இறுக்கினால் கியர் தாமதமாக, முரட்டுத்தனமாக மாறுமாம். தளர்த்தினால் சீக்கிரமாக, மென்மையாக மாறுமாம்.

"ரொம்பத் தளத்துனா உள்ள இருக்கற தட்டு வழுக்கித் தேஞ்சுபோயிருமுங்கக்கா."

"தேயாத அளவுக்குத் தளத்துங்க."

முதலில் என்ஜின் சும்மா ஓடும் வேகத்தைக் குறைத்தார். பாய்ச்சல் அடங்கியது. பிறகு கேபிளைத் துளி தளர்த்துவார். நான் ஒரு சுற்றுப் போய்வருவேன். எண்ணெய் சூடேறியதும் கியர் விழுகிற விதமே மாறியது. திரும்பவும் கை வைத்தார்.

"இப்பங்க?"

"குத்துதுங்க."

"இப்ப?"

"இன்னும் குத்துதுங்க."

"ஏனுங்கக்கா, பொண்ணு பாக்க வந்தவங்களாட்ட இத்தனை நொட்டை சொல்றீங்க!"

"காலம்பூரா கூட இருக்கப்போறது நானுங்களே."

பட்டறையே சிரித்தது. வீட்டுக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியாக இரண்டு பேரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ரயில்வே மேம்பாலம் ஏறினேன். ஆள் பாரத்திலும் வழுக்கவில்லை. கியர் மாறியது என் கால் விரலுக்கு மட்டும்தான் தெரிந்தது.

"சரியா இருக்குதுங்க" என்றேன்.

வீட்டு வாசலில் புது டிரைவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வழக்கமாக இப்படிப்பட்ட பேச்சையெல்லாம் அவரிடம் தள்ளிவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். அன்று போகவில்லை.

"வாங்க தம்பி, காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றேன். "இந்த வண்டிக்கு ஆளு இருக்குது."